விளக்கு வைத்த பின் வரும் வசூல்

வியர்த்து வழிந்தாலும் தம் கை விசிறியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கிற, தவணையில் வாங்குவோர் சங்கத்தின் தலைவர், அன்புக்குரிய தில்லைநாதன் அவர்களே! அழைத்தவுடன் சாக்குச் சொல்லாமல் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நம் குறைகளைக் கேட்பதற்கென்றே இந்த மேடையில் அமர்ந்திருக்கிற, ஜெயபூரணி தவணைக் கம்பெனியின் மானேஜர், மதிப்புக்குரிய பஞ்சநாதன் அவர்களே! முதுகு வலியையும் மூட்டு வலியையும் வீட்டில் விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! கட்டிக் கட்டிக் களைத்தவர்களே! கேட்டுக் கேட்டு இளைத்தவர்களே! கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் அருமைச் சகோதரர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பழைய வாத்தியாரின் பணிவான வணக்கம்.

அய்யனார், மைக் கத்துகிறது, கொஞ்சம் பார் அப்பா. என் குரலுக்கு இவ்வளவு கூர்மை ஆகாது. ஆங், இப்போது சரி.

நான் முழங்குவதற்கு வரவில்லை. முழங்கத் தெம்பும் இல்லை. இந்த ஒரே விஷயத்துக்காகக் கடலூருக்குப் போய்ப் போய் வந்ததில், பஸ் கண்டக்டர் என்னிடம் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்பதையே விட்டுவிட்டார். நான் உட்கார்ந்தவுடன் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறார். "இன்னிக்காவது முடியுமா வாத்தியாரே?" என்று மட்டும் கேட்கிறார். நானும் சிரிக்கிறேன். வேறு என்ன செய்ய?

அட்டை வந்த கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போன வருஷம் நம் பஸ் நிலையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். 'அட்டை ஒன்று கையில், அங்காடி முழுதும் பையில்.' என்ன எதுகை! என்ன மோனை! தமிழ் வாத்தியாரான நானே நின்று படித்தேன். ரோஜா நிறத்தில் ஓர் அட்டை. அதைக் காட்டினால் கடைக்காரர் பொருளைத் தருவார். கடைக்காரருக்குக் கம்பெனி பணம் தரும். கம்பெனிக்கு நாம் வாரா வாரம் தவணை தரவேண்டும். தவணையை வாங்க ஆள் வீட்டுக்கே வருவார். கட்டினால் அட்டையில் கையெழுத்து. கட்டாவிட்டால் சிவப்புக் குறி. மூன்று சிவப்புக் குறி விழுந்தால் பொருள் ஜப்தி.

தவறு என்ன இதில்? ஒன்றும் இல்லை. வாங்கியவன் கொடுக்கவேண்டும். கொடுக்கமாட்டோம் என்றா இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம்? இல்லை! கொடுக்கக் காத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதற்கல்லவா கூட்டியிருக்கிறோம்!

சிரிக்கிறீர்கள். சிரிப்புக்குரிய விஷயம்தான், நம் வீட்டில் நடக்காதவரைக்கும்.

சென்னையிலே, தலைமை அலுவலகத்திலே யாரோ ஒருவர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நம் பகுதிக்கு வசூல் நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை. காலையில் கடலூர், உச்சிப்பொழுதில் பரங்கிப்பேட்டை, ஆற்றைத் தாண்டிப் பொழுது சாயக் கிள்ளை. படத்தில் பார்த்தால் அழகான கோடு. வளைவு இல்லை, நெளிவு இல்லை. அந்தக் கோட்டில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

உச்சிப்பொழுதில் பரங்கிப்பேட்டையில் என்ன நடக்கும்? மெகருன்னிசா என்று ஒரு சகோதரி. கணவர் மலேயாவில். வீட்டில் ஆண் என்றால் தம்பி ரஃபியுதீன் ஒருவர்தான். அட்டைக்கு ஒரு பீரோ வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வசூல்காரர் கதவைத் தட்டுகிறார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது.

"தம்பி ஜும்மாவுக்குப் போயிருக்கு. செத்த நேரம் கழிச்சு வாங்க. காசு எண்ணி வச்சிருக்கு."

"எனக்கு ஓடத்துக்கு நேரமாச்சும்மா. கதவத் தொறந்து நீங்களே குடுங்களேன்."

"அந்நிய ஆம்பள முன்னாடி வந்து நின்னு எங்க வூட்ல பழக்கமில்ல. தம்பி வந்துடும்."

தம்பி வந்தார், ஓடிவந்தார். ஓடம் போய்விட்டது. அட்டையில் சிவப்புக் குறி. பணம் இல்லாததாலா? தொழுகை இருந்ததால்!

இனிக் கிள்ளைக்கு வாருங்கள். பொழுது சாய்கிறது. அதோ தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, நீலப் புடவை, அவர் பெயர் சௌந்தரம். தலையைக் குனிந்துகொள்ளாதே அம்மா, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. கணவர் கடலுக்குப் போகிறவர். சௌந்தரம் அட்டைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினார். கிள்ளையில் பாதிப் பேர் போட்டிருக்கிற ரவிக்கை அந்த மெஷினில் தைத்ததுதான். தவணைப் பணம் வியாழக்கிழமையே டம்ளரில் வந்து விழுந்துவிடும். ஆனால் வசூல்காரர் கலியமூர்த்தி வந்து கூப்பிடுகிற நேரத்தில் மாடத்தில் விளக்கு ஏற்றியாயிற்று. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் எந்த வீட்டிலாவது காசு வாசற்படி தாண்டுமா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள், தாண்டுமா?

கேட்டீர்களா மானேஜர் ஐயா, மண்டபமே 'தாண்டாது' என்கிறது.

நான் சௌந்தரத்திடம் கேட்டேன். ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக் கூடாதா என்றேன். அவர் சொன்னார்: "அவரு கடல்ல இருக்கற நேரம்யா. விளக்கு வச்சப்புறம் லட்சுமிய வெளிய அனுப்பிட்டு நான் எப்டி ராத்திரி முழுக்கக் கரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்?" இதற்குமேல் உங்களால் கேட்கமுடியுமா?

கலியமூர்த்தி, பின்னால் நிற்கிறாய் அல்லவா? உன்னைக் குறை சொல்லக் கூப்பிடவில்லை, முன்னால் வந்து உட்கார். இவர்தான் வசூல்காரர், நம் ஊர்ப் பிள்ளை. சௌந்தரத்திடம் இவர் சொன்னாராம், "அக்கா, குறி போட எனக்கு மட்டும் ஆசையா? போடலன்னா எஞ் சம்பளத்துல புடிக்கறான்." சனிக்கிழமை காலையில் வரட்டுமா என்று கம்பெனியைக் கேட்டிருக்கிறார். வழித்தடத்தை மாற்ற அதிகாரம் இல்லை என்றார்களாம். சௌந்தரம் தாமே டம்ளர் காசை முடிந்துகொண்டு கடலூர் அலுவலகத்துக்குப் போனார். வசூல்காரர் கையில்தான் கட்டவேண்டும், இங்கே வாங்கமாட்டோம் என்றார்கள். அட்டைக்குப் பின்னால் விதி அச்சடித்திருக்கிறதாம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அதற்கு மேல் பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தேன். எறும்புக்குப் பிரசவம் ஆனதுபோல் ஏதோ வரிசையாகத் தெரிந்தது.

மூன்றாவது குறி விழுந்தது. வண்டி வந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எப்படித் தூக்கினார்கள் தெரியுமா? ஊசிக்கு அடியில் இருந்த ரவிக்கையோடு! செல்லாயி அம்மாளின் மகளுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். முகூர்த்த ரவிக்கை. ஒரு கை தைத்தாயிற்று, மறு கை ஊசியில் மாட்டியிருக்கிறது. அந்த ரவிக்கை இப்போது கடலூரில் கம்பெனிக் கிடங்கில், பூட்டுக்குள் இருக்கிறது. துணியையாவது கொடுங்கள் என்று போனேன். ஜப்தியான பொருளின் மேல் இருப்பதும் ஜப்திதான் என்றார்கள்.

என்ன அம்மா செல்லாயி? சத்தமாகச் சொல்.

"ஒத்தக் கை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டா எம் பொண்ணு மணவறையில குந்தும்? பொண்ணு கட்டறது கம்பெனிக்காரனா, மாப்ளையா?"

சிரித்துவிட்டீர்கள். செல்லாயி சிரிக்கவில்லை, பாருங்கள்.

நான் வகுப்பில் உதாரணம் இல்லாமல் பாடம் நடத்தியதில்லை. இதற்கும் ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் கழிக்கு அப்பாலிருந்து படகில் வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். தண்ணீர் வற்றினால் படகு தரைதட்டும். மணி அடித்தவுடன் பெயர் கூப்பிட்டால் அவர்கள் எல்லாரும் வராதவர்கள். முதல் பாடம் முடிந்து கூப்பிட்டால் எல்லாரும் வந்தவர்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள், படகு அதே படகு. மாறியது நான் கூப்பிட்ட நேரம் மட்டும்தான். ஐயா, எங்களை ஒழுங்கு இல்லாதவர்கள் என்று எழுதுவதற்கு முன்னால், நீங்கள் கூப்பிடுகிற நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். கடன் தருகிறபோது எங்கள் பெயரைக் கேட்டீர்கள். தெருவைக் கேட்டீர்கள். தகப்பன் பெயரைக் கேட்டீர்கள். உனக்கு எந்த நாள் தோது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் இந்தக் கூட்டம் ஏது? இந்தக் குறி ஏது? இந்தக் கண்ணீர் ஏது?

மானேஜர் ஐயா, நீங்கள் நல்லவர். தலைமை உத்தரவு, நான் என்ன செய்ய என்று ஒவ்வொரு தடவையும் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னவர். அந்த உரிமையில் ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கு இந்த மைக்குக்கு ஆகும் வாடகையை நான் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னவர் நம் மானேஜர்தான். கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். கூட்டம் தொடங்குமுன் நம் மைக் செட் அய்யனார் அவரிடம் போய் நின்றார். ஐயா பையில் கைவிட்டார். பர்சை எடுத்தார். மண்டபத்து விளக்கைப் பார்த்தார். பர்சைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கெழம, விளக்கு வச்சாச்சேப்பா. நாளைக்குக் காலையில மொத வேலையா வாங்கிக்க."

ஐயா! அமருங்கள், அமருங்கள். அது தப்பே இல்லை. உங்கள் தாயார் உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார். நாளைக் காலையில் நீங்கள் கொடுப்பீர்கள் என்பதில் அய்யனாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் சந்தேகம் இல்லை. அய்யனார் உங்கள் பெயருக்கு நேரே சிவப்புக் குறி போட்டாரா? மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனாரா? சரி என்று தலையாட்டிவிட்டு ஒலிபெருக்கியைக் கட்டினார். அவ்வளவுதான் நாங்கள் உங்கள் கம்பெனியிடம் கேட்பது. அய்யனாருக்கு இருக்கிற மனம் உங்கள் அட்டைக்கும் இருக்கட்டும்.

அதனால் இன்று இரவே மெஷினைக் கொடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் கையிலிருந்து எதுவும் வெளியே போகவேண்டாம். நாளை, சனிக்கிழமை, முதல் வண்டியில் மெஷினை அனுப்பிவையுங்கள். பாக்கியைச் சௌந்தரம் வண்டி வந்து நின்ற இடத்திலேயே, விடிந்த வெளிச்சத்தில் எண்ணித் தருவார். என்ன ஐயா? எழுந்து நிற்கிறார். மைக்கைக் கொடுங்கள்... "அனுப்பறேன் வாத்தியாரய்யா. என் பொறுப்புல அனுப்பறேன். வசூல் நாளுக்கும் இன்னொரு தரம் எழுதறேன்" என்கிறார். எழுதுகிறேன் என்ற சொல்லை நிறையக் கேட்டு அலுத்தவன் நான். இருந்தாலும், மேடையில் நின்று சொன்ன சொல், நம்புகிறேன்.

யார் அது? சௌந்தரமா? கை தூக்குகிறாய், சொல் அம்மா.

"ஐயா... சனிக்கெழம இரும்பு வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுங்களே. மெஷினு முச்சூடும் இரும்பு. ஜாக்கெட்டு நாளைக்கு வரட்டும். மெஷினு ஞாயித்துக்கெழம வரட்டுங்களே."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! இவ்வளவு நேரம் தொண்டை வறள என்ன சொன்னேன்? நாள் குறிக்குமுன் கேளுங்கள் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள், எதிரில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்காமல் நானே நாள் குறித்துவிட்டேன்! பார்த்தீர்களா மானேஜர் ஐயா, இது கெட்ட மனத்தால் வருகிற தப்பு இல்லை. கேட்காமல் விடுவதால் வருகிற தப்பு. திருத்துவதற்கும் காசு வேண்டாம், சட்டம் வேண்டாம். எந்த நாள் தோது என்ற ஒரு கேள்வி போதும். எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று, உங்களுக்கு எவ்வளவு ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை. சரிதானே சௌந்தரம்? சரிதானே செல்லாயி? சரி. ஞாயிற்றுக்கிழமை மெஷின் வரும். புதன்கிழமை பெண் இரண்டு கை ரவிக்கையோடு மணவறையில் உட்காரும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், வாக்குக் கொடுத்த மானேஜருக்கும், முன்னால் வந்து உட்கார்ந்த கலியமூர்த்திக்கும், காசு வாங்காமல் கத்தவிட்ட அய்யனாருக்கும், வீட்டில் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வந்த தாய்மார்கள் அனைவருக்கும் என் நன்றி. பத்திரமாகப் போய்ச் சேருங்கள். கடலில் இருக்கிறவர்கள் கரை சேரட்டும். வணக்கம்.