நவுராத சோல்ஜர்

ஒக்காரு தம்பி. உங்கண்ணன் போட்டோ தெறக்கற விழா நாளைக்குத்தான, திருப்போரூருக்குத் திரும்பிப் போவ இன்னா அவசரம்? உலகநாதனப் பத்தி நான் மேடையில பேசணும், அவ்ளோதான? பேசலாம். மொதல்ல டீயக் குடி. அந்த மேச மேல மட்டும் கிளாஸ வெக்காத.

ஆமா, பொம்மதான். பட்டாளம். நம்ம லாட்ஜுல ஒரு மாசமா தங்கிகினு கீற ரெண்டு இத்தாலிக்காரனுங்க பண்ற வேல. ஒருத்தன் பொம்ம செய்றவன், இன்னொருத்தன் ஆட்டத்துக்கு ரூல் எழுதறவன். இதான் அவனுங்களுக்குத் தொயிலாம். சிரிக்காத, பொட்டியில போட்டு ஊரு ஊரா விக்கிறானுங்களாம். மாபலிபுரம் வந்தவன் கடலப் பாப்பான், கோயிலப் பாப்பான். இவனுங்க ஃபேனுக்கு அடியில ஒக்காந்து, மூணு முடி பிரஷ்ஷால கட்டவெரல் அளவு சோல்ஜருக்குக் கண்ணு வரையறானுங்க. தையக்காரன் டேப்ப வெச்சு அளந்து அளந்து நகத்தறானுங்க. டைஸ உருட்டனா சண்டையாம். வெடிச்சத்தம் ஒரு நாளு கேட்டிருப்பானுங்களா? தூ. நம்ம வெயில்ல நிக்க வெச்சா வதங்கிப் பூடுவானுங்க.

பட்டாளத்துல சேந்து சிலோன் சண்டையில ரெண்டு வருசம் கெடந்தவன் நானு, என்னியே ஆடக் கூப்டறான் அந்த ரூல்காரன். இன்னாதான் கீதுன்னு ஒக்காந்தேன். மொத ஆட்டத்துலயே என் ஆளு ஒருத்தன் வுயுந்தான். பக்கத்துல கீறவன முன்னால நகத்தப் போனா, கையப் புட்ச்சிகினான். கூட்டாளி வுயுந்தா பக்கத்துல கீறவனுக்கு டைஸு உருட்டணுமாம். கம்மியா வுயுந்தா அவன் நவுர மாட்டானாம். உருட்டனேன். ஒண்ணுதான் வுயுந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். கோழைய எதுக்கு மேசையில வெச்சிகினு, தூக்கி வெளிய போடுன்னேன். அந்தாளு அரகொற இங்கிலீஷ்ல சொல்றான், தூக்கக் கூடாதாம். அவன் கோழ இல்லியாம், நின்னுட்டானாம், அவ்ளோதானாம். அட்த்த சுத்துல திரும்ப உருட்டலாமாம். இந்த ஒரு ரூலுக்கு ரெண்டு பேரும் ஆறு மாசம் சண்ட போட்டானுங்களாம். வேல வெட்டி இல்லாத பசங்க.

அந்தப் பொம்மையத்தான் பாத்துகினு கீற. நாலு நாளா அதே எடத்துல நிக்குது. நான் இன்னும் திரும்ப உருட்டல.

மேடையில இன்னா பேசுவேன்னு கேட்ட இல்ல? சிலோன்ல உங்கண்ணன் குண்டு பட்டு வுயுந்தப்போ பத்தடி தள்ளி நான் கீறேன். தாமோதரா, தாமோதரான்னு கூப்ட்டான். தூக்க ஓடனேன்னு உங்கம்மாகிட்ட எட்டு வருசமா சொல்லிகினு கீறேனே, அது பொய்யி தம்பி. நான் நவுரல.

நாளைக்கு அத்தத்தான் சொல்லுவேன். வேணாம்னா, டீயக் குட்ச்சிட்டு இப்பவே சொல்லிட்டுப் போ.