பின்சீட்டுச் சத்தம்

மரணம் ஒன்றுக்குத்தான் மனிதன் அஞ்ச வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம்ம மெக்கானிக் ஷெட்டுப் பெயின்டரோட சகலைக்கு அந்தப் பயமும் கிடையாது. அவர் பயந்ததெல்லாம் பங்க்கில் கலப்படப் பெட்ரோல் போட்டுவிடுவானோ என்பதற்கு மட்டும்தான்.

டார்ச்சை அணைங்கப்பா. கதை கேக்கணும்னா கிட்ட வாங்க.

மணி ஒன்றரை. பைபாஸ் ரோடு. கம்பம் நட்டிருந்தார்கள், விளக்கு மாட்டவில்லை. ஈ காக்கா கிடையாது… சகலையின் கார் மட்டும். அவர் டைல்ஸ் கடை மேனேஜர்தான். ஆனால் கையுறை போடாமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அதனால் பேர் பைலட்.

கார் சாதாரணக் குடும்பக் கார். டிக்கியில் மட்டும், பின்சீட்டிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஒரு நீலப் பாட்டில் படுத்திருக்கும். பல் பிடுங்கும்போது கொடுக்கிறார்களே சிரிப்பு வாயு, அதே சரக்கு. என்ஜினுக்குள் போனால் ஊதிவிட்ட அடுப்பு மாதிரி வண்டி பாயும். எவனும் மோந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கக் கூடாதென்று கந்தக நாற்றம் கலந்திருப்பார்கள். தீக்குச்சி உரசின வாடை.

அதைப் பற்றிப் பைலட் பாடம் எடுக்காத விசேஷ வீடு இல்லை. "ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்ச பிறகுதான் பட்டன். மூவாயிரம் சுத்துக்குக் கீழ அமுக்கினா பிஸ்டன் பிச்சுக்கும். டைமிங்கைக் கொஞ்சம் பின்னால தள்ளணும். பாட்டில் வெதுவெதுன்னு இருக்கணும்." கேட்டவனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

அவர் மனைவி, அதாவது பெயின்டருக்குக் கொழுந்தியா, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூடப் போவாள். பின்சீட்டில்தான். முன்சீட்டை மீட்டர்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் ஏறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். கிறீச்… கிறீச்… பிறகு பெல்ட் மாட்டுகிற 'டக்'. வீடு திரும்பினதும் மறுபடி கிறீச்.

"உன் பாரம் தாங்காம சீட்டு அழுவுதுடி" என்பார் இவர். ஒவ்வொரு தடவையும். அவள் பெல்ட்டை மாட்டுவாள், அவ்வளவுதான்.

போன மாதம் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். இவர் அழவில்லை. வைராக்கியம் ஒன்றுமில்லை, வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மகள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"காருல கீறல் விழுந்தப்ப அழுதீங்களேப்பா."

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. பட்டனை அமுக்கினாலாவது உள்ளே ஏதாவது அசைகிறதா, தான் இன்னும் மனுஷன்தானா என்று பார்க்கத்தான் பைலட் அன்றைக்கு வந்தார்.

மிதித்தார். மூவாயிரம்… நாலாயிரம்… அமுக்கினார்.

வண்டி பாயவில்லை. லொக் லொக்கென்று இருமியது. பச்சைப் பெட்ரோல் வாடை. ஓரம் கட்டி நிறுத்தினார். சூடு ஆறுகிற இரும்பு டிக்… டிக்… என்றது. அவ்வளவுதான் சத்தம்.

அப்புறம் பின்னாலிருந்து…

கிறீச்… கிறீச்…

"சீட்டு அழுவுதுடி" என்றார், பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

'டக்.'

திரும்பவில்லை. பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியை மட்டும் விரலால் மேலே தள்ளிவிட்டார். கூரை தெரிந்தது. கை தன்பாட்டில் சாவியைத் திருப்பியது. மிதித்தார். அமுக்கினார்.

புஸ்ஸ்…

தீக்குச்சி வாடை. முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது. கம்பங்கள் எல்லாம் ஒரே சுவராகிப் போயின. பயம் வருமென்று பார்த்தார். வரவில்லை. சந்தோஷமும் இல்லை. வீட்டுக்கு வந்து என்ஜினை அணைத்தார். கிறீச்… கிறீச்… 'டக்.' பின்கதவைத் திறந்துவிடலாமா என்று யோசித்தார். திறந்துவிட்டார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சாத்தினார்.

விடிந்ததும் பெயின்டரைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் கழற்றச் சொன்னார், காரை விற்கப் போவதாக. எவ்வளவு மிச்சம் என்பது எடை போட்டால்தான் தெரியும். பெயின்டர் தராசில் வைத்தான். போன வாரம் அவனே நிரப்பிக் கொடுத்தது, பாதி போயிருந்தது.

"நேத்து ஓட்டினீங்களா சகலை? தனியாவா?"

"ம்."

பாட்டிலின் கழுத்தில் இருந்த வால்வைப் பெயின்டர் பிடித்துப் பார்த்தான். இறுக மூடியிருந்தது. பலங்கொண்ட மட்டும் திருகினான்.

கிறீச்… கிறீச்…

பைலட் பின்சீட்டைப் பார்த்தார்.

"நல்ல வேளை, மறக்காம மூடியிருக்கீங்க" என்றான் பெயின்டர். "ஓடுறப்போ திறக்கணும், திறக்காம பட்டனை அமுக்கினா வண்டி இருமும். நின்னா மூடணும். இல்லேன்னா வீட்டுல வெச்சுக்கறதே ஆபத்து. உங்களுக்குத் தெரியாததா?"

பைலட் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்தப் பாட்டிலுக்கு வால்வு என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.