கழிக்கப்பட்ட பதினொரு முகங்கள்

ஐந்து நிமிடம் என்று விரல்களால் காட்டிவிட்டு அமைதியாகப் புன்னகைக்கும் தலைவர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே! சுவரோவியக் குழுவின் உறுப்பினர்களே! வெயில் தாழும் முன்பே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! வேலை முடிந்த கையோடு பிள்ளைகளையும் அழைத்து வந்து நிற்கும் தாய்மார்களே! நாளைக் காலை இந்தச் சிதம்பரத்துச் சந்தைச் சுவரில் முதல் கோடு இழுக்கப்போகும் தங்கை பிரிசில்லாவே! அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, வருந்தவே வந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே குழு, கடலூர் முதுநகரில் ஒரு பழைய கிடங்குச் சுவரில் ஓவியம் தீட்ட முடிவு செய்தது. அன்றும் செயலாளர் நான்தான். நூற்றைம்பது அடி நீளச் சுவர். அதில் பதினொரு சன்னல்கள். எத்தனையோ காலமாகத் திறக்காத மரக்கதவுகள். வரைய வந்தவர் மெஹ்ரீன், அந்த ஊர்ப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்தவர். சாரம் கட்டவும் நிறம் கலக்கவும் விளம்பரப் பலகை எழுதும் தங்கராசு துணைக்கு வந்தார்.

யாராக இருந்தாலும் சன்னலை விட்டுவிட்டுச் சுவரில் வரைவார்கள். மெஹ்ரீன் என்ன செய்தார் தெரியுமா? சுவர் முழுவதும் கடலை விரித்தார். சன்னல் கதவுகளில் மனிதர்களை வரைந்தார். வலை பின்னும் முகம், வண்டி இழுக்கும் முகம், வளைகுடாவிலிருந்து வரும் மகனின் அழைப்புக்குக் காத்திருக்கும் தாயின் முகம். அந்தத் தாயின் கண்களுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. அந்த வழியாக ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் நின்றார்கள். "ஏ, இது நம்ம ராஜாமணி அக்காடி!" என்று ஒரு பெண் கத்தியதை நானே கேட்டேன்.

சரி, கூலி? அங்கேதான் நான் தவறினேன். ஓவியத்துக்கு என்ன கூலி என்று எங்கள் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளையடிக்கச் சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான் இருந்தது. 'இதையே வைத்துக்கொள்ளலாம், மீதிக்கு மேடையில் மரியாதை செய்யலாம்' என்று எழுதியது இந்தக் கை. "உன் ஊர்ச் சுவர்தானே, தொண்டாக நினைத்துக்கொள்ளம்மா" என்று தேனாகப் பேசியது இந்த வாய்.

நாற்பத்தேழு நாளில் வேலை முடிந்தது. எங்கள் ஆள் கலியமூர்த்தி அளவு நாடாவோடு வந்தார். வெள்ளையடிப்பை அளப்பதில் ஒரு வழக்கம் உண்டு. மொத்தச் சுவரையும் அளந்து, கதவு சன்னல் இடத்தைக் கழித்துவிட வேண்டும். ஆமாம் ஐயா, பின்வரிசையில் தலையாட்டுகிறீர்கள், கொத்தனார்தானே? கலியமூர்த்தியும் கழித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று.

"இன்னாண்ணே கழிக்கிறீங்க?" என்றார் மெஹ்ரீன்.

"சன்னலும்மா. சன்னலுக்குக் காசு கெடையாது. ரூல்ஸ் அப்படி."

"அதுலதாண்ணே வேலையே ஜாஸ்தி!"

"நான் இன்னாம்மா பண்றது? டேப்புக்கு மூஞ்சியெல்லாம் தெரியுமா?"

சாரத்தின் மேலிருந்து தங்கராசு குரல் கொடுத்தார்: "மச்சான், அப்போ சன்னல மட்டும் சொரண்டிக்கினு போயிடுறோம். செவுரு உனுக்கு, மூஞ்சி எங்களுக்கு!"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அளவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஊரே நின்று பார்த்த முகங்களை ஓட்டைகள் என்று ஒப்புக்கொண்டேன்.

திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தியதும் நான்தான். கைதட்டல் ஓயவில்லை. மெஹ்ரீன் என் காதருகே குனிந்து கேட்டார்: "இந்த சால்வை எவ்ளோக்கா? சாரத்துக்கு வாடகை இன்னும் குடுக்கல." நான் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம், இந்தச் சந்தைச் சுவருக்காக மறுபடியும் மெஹ்ரீன் வீட்டுக்குப் போனேன். இப்போது குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு எச்சரிக்கைப் பலகை எழுதுகிறாராம். தேநீர் கொடுத்தார். கோபமே இல்லை.

"அங்க எழுத்துக்கு இவ்ளோன்னு மொதல்லயே பேப்பர்ல குடுத்துடுறாங்கக்கா. 'அபாயம்'னு எழுதுனா நாலு எழுத்துக்கும் காசு. புள்ளியக்கூட கழிக்கிறதில்ல."

"இனிமேல் வரையவே மாட்டாயா?"

"செவுத்துக்கு வர மாட்டேன்க்கா. நீங்க நல்லவங்கதான். அதான் கஷ்டமே. கெட்டவங்களா இருந்திருந்தா சண்ட போட்டு வாங்கியிருப்பேன்."

தாய்மார்களே, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

கேட்கிறேன். இந்தப் பந்தல் போட்டவரிடம் தொண்டு என்றோமா? இந்த நாற்காலிகளுக்குத் தொண்டு என்றோமா? ஒலிபெருக்கி செந்தமிழ்செல்வன் அதோ சிரிக்கிறார்; அவருக்கு முன்பணம் போயாயிற்று! பந்தலுக்கு வாடகை உண்டு, வண்டிக்கு வண்டிச்சத்தம் உண்டு. வரைகிறவருக்கு மட்டும் வாழ்த்துதானா? கம்பிக்கும் கயிற்றுக்கும் காசு கொடுத்த நாம், கண்ணுக்கும் கைக்கும் கைதட்டிவிட்டு வந்தோம். அந்தக் கைதட்டலை வைத்து அவர் எந்தக் கடையில் அரிசி வாங்குவார்?

இன்று மாலை, பிரிசில்லாவுக்குக் கொடுக்கவிருக்கும் பணி ஆணையைக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார்கள். மூன்றாம் பத்தியில் அதே வரி: 'கதவு, சன்னல் இடம் நீங்கலாக.' தட்டச்சு செய்தவர் மேல் குற்றமில்லை. பழைய தாளைப் பார்த்து அடித்திருக்கிறார். அந்தப் பழைய தாளின் அடியில் இருப்பது என் பெயர்.

தலைவர் ஐயா, நேரம் ஆகிவிட்டது, அறிவேன். ஒரே ஒரு நிமிடம். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. ஓவியத்துக்கு நாள் கணக்கில் கூலி என்று எழுதுங்கள். சாரத்துக்கும் வண்ணத்துக்கும் தனியே எழுதுங்கள். பாதியை வேலைக்கு முன்பே கொடுங்கள். பிரிசில்லா ஏற்கெனவே வரைந்து தந்த மூன்று மாதிரிகளுக்கும் விலை போடுங்கள். அப்படி ஒரு தாள் வந்தால் இந்த மேடையிலேயே ஒப்பமிடுகிறேன். வராவிட்டால் வேறொரு செயலாளரைத் தேடிக்கொள்ளுங்கள்; வருத்தத்தோடு விலகிக்கொள்கிறேன்.

பிரிசில்லா, அம்மா, நாளைக்கு நீ வர வேண்டாம். ஊர் முழுக்க வந்து அழைத்தாலும் வராதே. நல்லவர்கள் அழைத்தால் இன்னும் கவனமாக இரு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். உன் கூலி எழுதிய தாள் உன் கைக்கு வரட்டும், அதன் பிறகு தூரிகையை எடு. அதுவரை அந்தச் சுவர் வெறும் சுவராகவே நிற்கட்டும். பார்க்கிற ஒவ்வொரு நாளும் எங்களுக்கு உறுத்தட்டும்.

வாழ்த்து கேட்க வந்து என் வருத்தத்தைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இடையில் ஒலிவாங்கியை வாங்காமல் இருந்த தலைவருக்கும் நன்றி. வணக்கம்.