வேலுமணியின் நன்னடத்தை

குன்னூர்க் குளிருக்குத் திராட்சை ஒயின் போடாத கிறிஸ்தவ வீடு குறைவு. என் வீட்டு ஒயினைப் பாதிரியாரே கேட்டு வாங்கிப் போவார். அதனால் அது அலமாரியில் இருந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர்.

வேலுமணி குடித்துவிட்டு ஜீப் ஓட்டி, பர்லியார் வளைவில் என் மகள் ஸ்டெபியை மோதிக் கொன்றவன். முதல் குற்றம், சின்ன வயது என்று கோர்ட் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டது. குடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. நன்னடத்தை அலுவலர் சுரேந்திரனுக்கு உதவத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள். நானே போய் நின்றேன். அவனையே கொடுங்கள் என்று கேட்டேன்.

"உங்க மனசு யாருக்குங்க வரும், மெட்டில்டா டீச்சர்?" என்று அவர் கண் கலங்கினார்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். குடியை நிறுத்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை வாங்கித் தந்தேன். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி ரேகாவிடம் பேசிக் கூட்டிவந்தேன். பெண் குழந்தை பிறந்தபோது பெயர் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அவசரப்பட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. முதலில் பார்த்தபோது அவனிடம் பறிகொடுக்க ஏதுமில்லை. அப்படிப்பட்டவனை என்ன செய்துவிட முடியும்?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தான். கேக்கும் ஒயினும் வைத்தேன்.

"வேண்டாங்க டீச்சர். ரேகா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேனுங்க."

"ஸ்டெபி பேரைச் சொல்லி ஒரு வாய், வேலுமணி. எனக்காக."

அந்தப் பெயரை அவனால் தட்ட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். இரண்டாவது கிளாஸை அவனே கேட்டான். நான் பிராந்தி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேக் வெட்ட சமையலறைக்குப் போனேன்.

கிளம்பும்போது வெளியே மூடுபனி. குழந்தையை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டான். நான்தான் அதன் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டேன். பிறகு சுரேந்திரனுக்கு போன் செய்து, அவன் குடித்திருக்கிறான் என்று சொன்னேன். அது என் கடமை.

அவர் வந்து சேர்வதற்குள் பைக் பள்ளத்தில் கிடந்தது. குழந்தை அங்கேயே போய்விட்டது. வேலுமணிக்குக் கால் முறிவுதான். பிழைத்துக்கொள்வான், அவன் பிழைக்கத்தான் வேண்டும்.

அவன் ஜெயிலுக்குப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால், அன்று அவன் தனியாக வருவதாகத்தான் இருந்தது. பாப்பாவுக்குச் சளி, வேண்டாம் என்றாள் ரேகா.

நான்தான் அவளிடம், போர்த்தியாவது அனுப்பு, எனக்குப் பார்க்கணும் போலிருக்கிறது என்றேன்.