பதினஞ்சு மணி நேர இருட்டு

…இல்ல தம்பி, நான் சண்டைக்கு வரல. சண்டை போடறவன் உங்க வாசல்லயே நின்னு கத்துவான். இப்படிக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வருவானா? வாங்க, குனிஞ்சு வாங்க, கொட்டகைக் கம்பி இடிக்கும். ஆங்… இடிச்சிருச்சா? எல்லாரையும் இடிக்கும். நான் தெனம் ரெண்டு தடவை இடிச்சுக்கறேன். சரி, இப்ப பாருங்க. நல்லாப் பாருங்க. என்ன தெரியுது? பச்சை. வேற ஏதாவது தெரியுதா? தெரியாது. அறுநூறு தொட்டி தம்பி, அத்தனையும் சாமந்தி. விளக்கு வச்சுத் தேடினாலும் ஒரு மொட்டு கிடையாது. முழங்கால் உயரத்துல நிக்கவேண்டிய செடி இடுப்பு வரைக்கும் வந்து நிக்குது. சாமந்தியா இது? கீரைத் தோட்டம்!

உங்க வாசல் கேட்டு விளக்கை அணைச்சு மூணு வாரம் ஆச்சுன்னு சொல்றீங்க. ஆச்சு, நான் மறுக்கல. சொன்ன அன்னைக்கே அணைச்சீங்க, நல்ல மனுஷன். அப்புறம் உங்க வீட்டம்மா இருட்டுல படி தெரியாமத் தடுக்கி விழுந்தாங்களாமே… கால் தேவலையா? வீக்கம் வடிஞ்சுதா? பாவம். நானே வந்து விசாரிக்கணும்னு இருந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி அஞ்சு வாரம் அந்த விளக்கு எரிஞ்சுதே, அது கணக்குல வராதா? நீங்க குடிவந்த அன்னைக்கு ராத்திரி என் ஜன்னல்ல வெளிச்சம் வந்து விழுந்துது பாருங்க, பொழுது விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு நான் எழுந்து பல்லே தேய்ச்சுட்டேன். மணி பன்னெண்டரை.

உங்களுக்கு இது வேடிக்கையாத் தெரியும். கண்ணாடிக்கடை வச்சிருக்கீங்க. எழுத்துப் படிக்க வைக்கறதுக்கு அங்க ஒரு இருட்டு ரூம் இருக்குமில்ல? பத்து நிமிஷ இருட்டு உங்களுக்குப் போதும். எனக்குப் பதினஞ்சு மணி நேரம் வேணும்.

எல்லாரும் என்ன நெனைக்கறாங்க, செடின்னா வெயில் வேணும், எவ்வளவு வெயில் இருக்கோ அவ்வளவு நல்லது. நானும் அப்படித்தான் நெனச்சேன். முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு எங்கேருந்து தெரியும்? இந்தக் கொட்டகை அவளோடது. என் வீட்டுக்காரியோடது. அவ சொல்லித்தான் தெரியும். வெயில்ல செடி வளரும், இலை விடும், சரி. ஆனா சாமந்தி பூக்கணும்னா அதுக்கு இருட்டு வேணும். நீளமான இருட்டு. ராத்திரி எவ்வளவு நேரம்னு செடி எண்ணிட்டே இருக்குமாம். இப்ப ராத்திரி சின்னதா இருக்கில்ல, எண்ணிப் பாத்துட்டு, ‘இன்னும் காலம் வரல’ன்னு இலையா விட்டுட்டே போகும். அதனால நாமதான் அதை ஏமாத்தணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொட்டகை மேல கறுப்புத் துணியை இழுத்து மூடணும், காலையில எட்டு மணிக்குத் திறக்கணும். நடுவுல வெளிச்சம் பட்டுச்சோ, போச்சு! அதுவரைக்கும் எண்ணினதெல்லாம் வீண். பெரிய ராத்திரி உடைஞ்சு ரெண்டு குட்டி ராத்திரியாயிடும். மறுபடி இலை. உங்க கேட்டு விளக்கு செஞ்ச வேலை அதுதான்.

நான் உங்களை மட்டும் சொல்லல. நாத்து குடுத்தவனையும் கேட்டுட்டேன். போன்ல வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவன் என்ன சொல்றான், இதே நாத்து நாலு இடத்துக்குக் குடுத்தேன், மூணு இடத்துல பூத்திருச்சுங்கறான். பேச்சைப் பாருங்க. துணி வித்தவனையும் விடல. துணியில ஊசி ஓட்டை இருக்குன்னு சொன்னேன். வந்தான், உள்ள நின்னு மூடச் சொன்னான், அரை மணி நேரம் இருட்டுக்குள்ளயே நின்னான், ‘என் கையே எனக்குத் தெரியலைங்க’ன்னு சொல்லிட்டு வெளிய வந்து கம்பியில இடிச்சுக்கிட்டுப் போனான். பக்கத்துத் தெரு நாய் வேற, மூலையில துணியைப் பிடிச்சு இழுக்குது. நிலாவையும் சந்தேகப்பட்டேன், பொய் சொல்லல. பௌர்ணமி அன்னைக்கு ரெண்டாவது துணியும் போட்டேன். நிலாவைப் பத்தி யாருகிட்டப் போய்ச் சொல்றது?

என்னது? விடுங்க பெரியவரே, அடுத்த தடவை பூக்கும்ங்கறீங்களா? அடுத்த தடவைன்னு ஒண்ணு இருந்தாத்தானே!

கேளுங்க. பொண்ணுக்குப் பிரசவம். அவ இருக்கறது இங்கேருந்து ஒரு நாள் பயணம். ‘அம்மா வா’ன்னு அழுதா. இவளுக்குப் போகணும்னு உசுரு துடிக்குது, ஆனா இந்தத் தொட்டியெல்லாம் இருக்கே. செடி விக்கற கடைக்காரருக்கு, பூ விரியற பதத்துல அறுநூறும் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கா. பதிமூணு வருஷமா ஒரு தடவை வாக்குத் தவறினதில்ல அவ. நான்தான் சொன்னேன், ‘நீ போடி, நான் பாத்துக்கறேன். துணியை மூடித் திறக்கறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?’னு. கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘இந்த ஒரு தடவை நீங்க தனியாப் பாத்துட்டீங்கன்னா போதும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் நான் பாட்டுக்குப் போய்க் குழந்தையைப் பாத்துட்டு வருவேன்’னா. நாப்பது வருஷத்துல அவ எங்கிட்ட ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டது அதுதான்.

பேத்தி பொறந்து ஆறு வாரம் ஆச்சு. தெனம் போன் பண்றா. ‘சாப்பிட்டீங்களா’ன்னு அப்புறம்தான் கேப்பா, மொதல்ல ‘மொட்டு வந்துச்சா?’தான். நான்… வந்துச்சுன்னு சொல்லிட்டேன். நாலு வாரத்துல மொட்டு வரணும்னு அவளே சொல்லியிருந்தா, நாலு வாரம் ஆச்சு, அதனால வந்துச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறம் தெரியுதான்னு கேட்டா. தெரியுதுன்னேன். என்ன பண்றது? நாளன்னைக்குக் காலையில வந்து இறங்கறா.

ஆங்? எந்த நாற்காலி? அந்த நடுவுல கிடக்கறதா? அது எங்க வீட்டு நாற்காலிதான். வராண்டாவுல கிடந்தது. கம்பியில தொங்கறது எமர்ஜென்சி லைட்டு. நல்ல லைட்டு, ஒரு தடவை சார்ஜ் போட்டா மூணு மணி நேரம் வரும். பேப்பர் படிக்கலாம் தாராளமா.

எப்பன்னா… ராத்திரிதான். பகல்ல லைட்டு எதுக்கு?

இல்லீங்க, மொதல்ல அஞ்சு நிமிஷம்தான் வந்தேன். மொட்டு வந்திருக்கான்னு பாக்க. பகல்ல பாக்கலாம், பகல்லயும் பாத்தேன். ராத்திரி… தூக்கம் வரல தம்பி. அவ தூக்கத்துல பல்லைக் கடிப்பா. மிக்ஸியில கல்லு போட்ட மாதிரி சத்தம். அத்தனை வருஷமும் அதைத் திட்டிட்டுத்தான் தூங்கினேன். இப்ப வீட்டுல ஒரு சத்தம் இல்ல. படுத்தா மேல ஃபேன் சுத்தறதை எண்ணிட்டுக் கிடப்பேன். இங்க வந்தா கொஞ்சம் தேவலை. இந்த ஈர மண்ணு வாசனை இருக்கு பாருங்க, அது அவ கையில எப்பவும் இருக்கும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு மணி, ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பேன். இதுங்ககிட்ட பேப்பர்ல இருக்கறதைப் படிச்சுக் காட்டுவேன். அவ ஊருக்குப் போன இந்த எட்டு வாரமும்தான். ஒரு நாள் விடல.

வெளிய இருக்கற உங்களுக்கு எப்படித் தெரியும், கறுப்புத் துணியில்ல! உள்ள எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் வெளிய ஒரு பொட்டு வராது. அவ்வளவு நல்ல துணி…

…

என்ன பாக்கறீங்க.

ஆமா. உள்ள இருக்கறது வெளிய வராதுன்னா வெளிய இருக்கறதும் உள்ள வராது. அது… அது சரிதான்.

அவ என்ன சொன்னா, ‘வெளியேருந்து ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது’ன்னு சொன்னா. வெளியேருந்துன்னுதான் சொன்னா. அதைத்தான் நான் உசுரைக் குடுத்துக் காவல் காத்தேன். உள்ள லைட்டைத் தொங்க விட்டுட்டு நானே உக்காந்து காவல் காத்தேன்.

உங்க வீட்டம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. இல்ல, நானே வந்து சொல்றேன். நாத்துக்காரன்கிட்டயும் சொல்லணும். துணிக்காரன்கிட்டயும். அவன் பாவம், இடிச்சுக்கிட்டு வேற போனான்.

கொஞ்சம் இருங்க தம்பி. கடைக்கு நேரமாச்சுன்னு தெரியும், ஒரே ஒரு நிமிஷம். ஒரு யோசனை சொல்லிட்டுப் போங்க. லைட்டுப் போட்டேன்னு அவகிட்டச் சொல்லிடுவேன். அதுல ஒண்ணும் இல்ல. மடையன்னு திட்டுவா, எட்டு நாள் பேசமாட்டா, கடைக்காரர்கிட்டப் போய்த் தலைகுனிஞ்சு நிப்பா, நானும் கூட நிப்பேன். மடையன்கிட்டச் சொல்லிக் குடுத்துட்டு அடுத்த தடவையும் ஊருக்குப் போகலாம், போயிருவா. ஆனா அவ அதோட விடமாட்டா தம்பி. ராத்திரி நேரத்துல எதுக்கு இங்க வந்து உக்காந்தீங்கன்னு கேப்பா. அதுக்கு மட்டும் நான் நிஜத்தைச் சொல்லிட்டேன்னா, அவ என்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டா.