வேட்டிக்கு அனுமதி இல்லை

வேட்டி கட்டுவதில் எனக்குப் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. கல்யாணம், திவசம் என்றால் கட்டுவேன். அப்போதும் எந்த நிமிஷம் அவிழுமோ என்று இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். தி.நகரில் வாங்கிய அந்த வேட்டிகூட ஒட்டிக்கோ ரகம்தான், பக்கவாட்டில் பை வைத்துத் தைத்தது. பத்திரிகையில் என்னைத் தமிழ்ப் பண்பாட்டின் காவலன் என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

போலீஸாரிடம் சொல்வது சாட்சியமாக நிற்காது என்று தெரிந்துதான் குற்றவியல் நடுவராகிய உங்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அம்மா. சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை என்று எச்சரித்தீர்கள். யோசிக்க அவகாசமும் கொடுத்தீர்கள். முறைப்படி நடந்துகொள்கிறவர்களைக் கண்டால் எனக்குத் தானாக மரியாதை வந்துவிடும்.

என் பெயர் பரத்வாஜ். மயிலாப்பூர்வாசி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, மிச்ச நேரத்தில் எங்கள் பேட்டை நுகர்வோர் சங்கத்தின் செயலாளர். தியேட்டர் வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவைத்தாலும், துணிக்கடைக்காரன் விற்ற சாமானைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாலும், ஜனங்கள் என்னிடம்தான் வருவார்கள். நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை ஒன்றுதான். சண்டை போடாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அங்கேயே மடங்கிவிடுவார்கள்.

அடையாறில் ஒரு நட்சத்திர ஹோட்டல் இருக்கிறது. அதன் மொட்டை மாடியில் பப். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாட்டு உண்டு. எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை, பாட்டுக்காகத்தான் போனேன். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால், பணம் கட்டாதவன் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை என்று நாளைக்கு யாராவது வக்கீல் கிளம்புவார். வாசலில் மதிவாணன் நின்றிருந்தான். நொச்சிக்குப்பத்துக்காரன். உடம்பு பீரோ மாதிரி, குரல் மட்டும் குழந்தைக்குச் சோறூட்டுகிறவன் குரல்.

"சாரி சார், கப்புள்ஸ் மட்டும்தான்."

எனக்கு முன்னால் தனியாக உள்ளே போன இரண்டு ஆண்களைக் காட்டினேன். "அவங்க ரெகுலரு சார்" என்றான். அடுத்த முறை போனபோது உள்ளே பிரைவேட் பார்ட்டி என்றான். அதற்கடுத்த முறை என் ஷூ சரியில்லை. ஆண் பெண் என்று பேதம் பார்த்து ஒருவனைப் பொழுதுபோக்கு இடத்தில் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்வதை எடுத்துச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு இன்னா சார் தெரியும், மேல சொல்றாங்கோ" என்றான். அவன் மேஜையின் உள்பக்கத்தில் என் போட்டோ ஒட்டியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

அங்கே பாடியவள் ஹம்சினி. எனக்கு நிச்சயமானவள்.

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை, ஆனால் அது வெறும் சடங்குதானே. ஜாதகம் பொருந்தியது. நாங்கள் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டோம், அவள் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடினாள், பெரியவர்கள் இரண்டு பக்கமும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு அவள் அப்பா ராஜகோபாலன் போன் செய்து, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றார். இஷ்டமில்லை என்பது முடிவு. காரணம் ஆகாது. காரணத்தைக் கேட்டேன், அவர் சொல்லவில்லை. அவளையே கேட்டுவிடலாம் என்று அவள் பாட்டு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டாள். போன் நம்பரை மாற்றினாள். புது நம்பரைக் கண்டுபிடிக்க எனக்குச் சிரமமாக இல்லை, அதையும் மாற்றினாள். கடைசியில் மயிலாப்பூரை விட்டு அந்தக் குடும்பமே வேளச்சேரிக்குக் குடிபோனது. அவர்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோறு தொண்டையில் இறங்கவில்லை. சட்டையெல்லாம் வேறொருவனுடையது போலத் தோளில் தொங்கியது. யார் யாருக்கோ பதில் வாங்கிக் கொடுத்தவனுக்குத் தன் விஷயத்தில் ஒரு பதில் கிடைக்கவில்லையே என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். அந்தப் பதில் இல்லாமல் நான் உயிரோடு இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஆகவே பப்காரர்கள் என்னை ஏன் தடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காரணத்தை அவர்கள் வெளியே சொன்னால் என் வழக்கு ஒரு நாள்கூட நிற்காது என்பதும் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்கள். ராஜகோபாலன் மாமா சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர். மகள் பாரில் சினிமாப் பாட்டு பாடுகிறாள் என்பது மயிலாப்பூரில் யார் காதுக்கும் போய்விடக் கூடாது. வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் வகுப்பெடுக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். போலீஸில் என்மேல் புகார் கொடுத்தால் பெண்ணுக்கு எங்கே வேலை, என்ன வேலை என்று எழுத வேண்டிவரும். அதற்குப் பயந்து புகாரே கொடுக்கவில்லை. ஹோட்டல் மானேஜர் இனாயத்திடமும் பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது என்று கெஞ்சி வாக்கு வாங்கியிருக்கிறார். மானத்துக்குப் பயந்தவர்கள் வாயில் பொய்க்காரணம்தான் வரும். அந்தப் பொய்க்காரணம் சட்டத்துக்கு விரோதமாக அமைந்துவிட்டால் எனக்குப் போதும்.

அதனால் வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் மதிவாணனுக்கு, பாவம், முகமே மலர்ந்துவிட்டது. வாராவாரம் ஒரு சாக்குத் தேடிக் களைத்துப் போயிருந்தவனுக்கு நானே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

"வேட்டிக்கு அனுமதி இல்ல சார். டிரஸ் கோடு."

"இன்னொரு தரம் சொல்லுப்பா."

சொன்னான். என் போன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

வேட்டி கட்டியவனை வாசலில் நிறுத்தக் கூடாது என்று நம் மாநிலத்தில் சட்டம் உண்டு. அது உறுப்பினர்கள் போகும் கிளப்புக்கு மட்டுமா, ஹோட்டல் மாடிக்கும் சேர்த்தா என்று வக்கீல்கள் வாதாடலாம். அவ்வளவு தூரம் போகவே இல்லை. நான் போட்ட வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. ஹோட்டல் வாசலில் வேட்டி கட்டிய கூட்டம் உட்கார்ந்து கோஷம் போட்டது. டிவிக்காரர்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் தெருவில் நிறுத்திக் கையைக் குலுக்கினார்கள். நான் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன்.

இனாயத் நேரில் வந்தார். நாகரிகமான மனிதர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், வேட்டி ஒரு விஷயமே இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்போ என்ன விஷயம்னு எழுத்துல குடுங்கோ."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டொரு நாளில் ராஜகோபாலன் மாமா வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"கொழந்தே, அவ ராத்திரி தூங்கறதே இல்லைடா. வாசல்ல மணி அடிச்சா உள்ள ஓடிப்போய்த் தாப்பாள் போட்டுண்டுடறா. அவளை விட்டுடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

நிஜமாகவே விழப் பார்த்தார். நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்தினேன். காபி கலந்து கொடுத்தேன். "எனக்கும்தான் தூக்கம் இல்லை மாமா. என்ன காரணம்னு சொல்லிடுங்கோ, மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். காபியைத் தொடவில்லை. பெண்ணின் பெயரை வெளியே சொல்ல இனாயத்துக்கு அப்போதாவது அனுமதி கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

கடைசியில் ஹோட்டல் சமரசத்துக்கு வந்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மதிவாணனை வேலையை விட்டு நீக்கினார்கள், அது நான் கேட்டதல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேட்டியோடு வந்து விருந்தினராக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன். எனக்கு அனுமதி மறுத்த அன்று என்னென்ன இருந்தனவோ அத்தனையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், பாட்டு உட்பட. இனாயத் அன்றைக்கு வேறு யாரையாவது பாடவைக்கப் பார்த்தாராம். ஹம்சினிதான் ஒத்துக்கொள்ளவில்லையாம். எத்தனை நாளைக்கு ஓடறது, அத்தனை பேர் நடுவில் என்ன பண்ணிவிட முடியும், நானே பாடறேன் என்று சொன்னாளாம்.

அன்று நான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் மதிவாணன் நின்றுகொண்டிருந்தான். ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், நீ படிச்ச மனுசன். உள்ள போவாத சார். அந்தப் பொண்ணு பயந்துகினு கீது. நீதான் ஜெயிச்சிட்டியே, அத்தோட வூட்டுக்குப் போ சார். எனக்கு வேல போனது போவட்டும்."

"என்னைத் தடுக்க உனக்கு இப்போ எந்த அதிகாரமும் இல்லையேப்பா" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் அந்த ஹோட்டலில் வேலையை ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

வாசலில் சோதனைக் கருவி என் இடுப்பருகே கீச்சிட்டது. புதிதாக வந்த காவலாளி என்னைப் பார்த்தான், சுற்றி நின்ற காமிராக்களைப் பார்த்தான், கும்பிட்டு வழிவிட்டான். என் வேட்டியில் கை வைக்கும் துணிச்சல் அன்றைக்கு அங்கே யாருக்கும் வந்திருக்காது. பையில் எங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தி இருந்தது.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரல் ஓரிடத்தில் தட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. கச்சேரியின் நடுவே எழுந்து நடப்பது எனக்குப் பிடிக்காது, முடியும்வரை காத்திருந்தேன். பிறகு மேடைக்குப் போனேன். பொன்னாடை போர்த்தப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள். எதனால் என்னை வேண்டாம் என்றாய் என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவள் கையில் மைக் இருந்தது.

"ஒரு காரணமும் இல்லை. எனக்கு உங்களை இஷ்டமில்லை. அவ்வளவுதான்."

எல்லோருக்கும் கேட்டது. நான் பையிலிருந்து கத்தியை எடுத்துக் குத்தினேன். அவள் விழுந்த பிறகும் குத்தினேன். ஹம்சினியைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை. நான் நிதானத்தில் இருந்தேன். அதன்பின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை காத்திருந்தேன்.

தகுந்த காரணம் ஒன்றைச் சொல்லியிருந்தால், நன்றி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போயிருப்பேன். கேட்பதற்காக மட்டும்தான் போனேன், வேறு எந்த எண்ணமும் எனக்குக் கிடையாது.

கேட்பதற்காக மட்டும் போனவர் கத்தியை ஏன் கொண்டுபோனீர்கள் என்கிறீர்கள். முன்பும் இதைத்தான் கேட்டீர்கள். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அம்மா. ஒருவர் விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமே இல்லை.