மஞ்சள் கோடு போட்ட நாலாவது போல்ட்

காரை வீட்டுல வெச்சே புஷ் மாத்துறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். பொறுமை வேணும், நல்ல ஜாக்கி ஒண்ணு வேணும், அடியில முட்டுக் கொடுக்க ரெண்டு ஸ்டாண்டு வேணும். வேகத்தடையில ஏறி இறங்கறப்ப முன்பக்கம் கடக்கு கடக்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, பெரும்பாலும் அது இந்த ரப்பர் புஷ் தேஞ்சதாலதான். சக்கரத்தைப் பிடிச்சிருக்கற இரும்புக் கைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கும். கையளவு சாமான். அது போச்சுன்னா வண்டி வழியெல்லாம் பேசிக்கிட்டே வரும்.

என் தம்பி வண்டி ஆறு மாசமா பேசிக்கிட்டேதான் வந்துச்சு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வருவான். தெருமுனையில திரும்பறப்பவே சத்தம் கேக்கும். கட்டில்ல கிடக்கற எங்கப்பாவுக்கு முகம் மலர்ந்துடும். பக்கவாதம் வந்ததுல இருந்து அவருக்குப் பேச்சு குழறித்தான் வரும். ஆனா "சின்னவன் வந்துட்டான்"ங்கற ரெண்டு வார்த்தை மட்டும் பிசிறில்லாம வரும்.

நீங்க எழுதி வெச்சிருக்கறதை உங்க ஏட்டு படிச்சுக் காட்டினார். தொடர்ந்து தூக்கமில்லாத களைப்புல ஒரு போல்ட்டை இறுக்க மறந்துட்டேன்னு இருக்கு. கையெழுத்துப் போட்டா மத்தது சுலபமா முடிஞ்சிடும்னார். உங்களுக்கு நல்ல மனசு சார். ஆனா அது தப்பு. நான் மறக்கற ஆள் இல்ல. அதைத் திருத்தத்தான் இங்க உக்காந்திருக்கேன்.

பதினாலு வருஷம் பஸ் பணிமனையில அடிப்பக்க வேலை மட்டுமே பார்த்தவன் நான். ஒரு போல்ட்டைக் கடைசியா இறுக்கி முடிச்சா, நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பேன். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். இறுக்காம நான் கோடு இழுத்ததே கிடையாது. டிரைவருங்க குனிஞ்சு அடியில பார்த்துட்டுத்தான் வண்டி எடுப்பாங்க. "மஞ்சள் இருந்தா மறுபேச்சு இல்ல"ம்பாங்க. தம்பி ஸ்கூல் விட்டு வந்து பணிமனை வாசல்ல எனக்காக நிப்பான். அவனும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அப்பா விழுந்தப்ப யாராவது ஒருத்தர் வேலையை விடணும்னு ஆச்சு. தம்பிக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. எனக்குக் கல்யாணம் தள்ளிப் போச்சு, அப்புறம் போயே போச்சு. பதினோரு வருஷம் சார். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். முட்டி ரெண்டும் உரசாம நடுவுல மடிச்ச துணி வைக்கணும். சாப்பாட்டைக் குழையப் பிசைஞ்சு வலது பக்க வாயில ஊட்டணும், இடது பக்கம் ஒழுகிடும். இதெல்லாம் எந்த டாக்டரும் சொல்லித் தரல. நானே கத்துக்கிட்டேன்.

பார்க்க வர்ற சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? "சின்னவன் எவ்வளவு தூரத்துல இருந்து மாசாமாசம் வர்றான், தங்கமான பிள்ளை." நான் பக்கத்துல எச்சில் துணியோட நிப்பேன். நோகாம நுங்கு தின்னறதுன்னா அதுதான். வருத்தமாத்தான் இருக்கும். ஆனா தாங்கிக்கிட்டேன் சார், அதை எழுதிக்கோங்க.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில அவன் புது புஷ்ஷை வாங்கிக்கிட்டே வந்தான். "அண்ணா, வெளியில குடுக்க மனசு வரல. நீ கை வெச்சாதான் எனக்கு நிம்மதி"ன்னான். வாசல்ல நிறுத்தி முன்பக்கத்தைத் தூக்கினேன். ரெண்டு சக்கரத்தையும் கழட்டினேன். பழைய புஷ் ரெண்டு பக்கமும் வெடிச்சுப் போய் ஈறு மாதிரி தொங்கிச்சு. இரும்புக் கையைக் கழட்டி, வைஸ் இடுக்கியில கொடுத்துப் பழசை வெளிய தள்ளினேன். புதுசுல சோப்புத் தண்ணி தடவி உள்ள இறக்கினேன். எண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் ஊறிடும்.

அப்பா கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கு. நான் வண்டிக்கு அடியில படுத்து போல்ட்டை மாட்டிக்கிட்டிருந்தப்ப உள்ள பேசறது கேட்டுச்சு. அப்பா திக்கித் திக்கிச் சொன்னார்: "என்னைக் கூட்டிட்டுப் போயிடுடா. பெரியவன் ஒரு நாளாவது தூங்கட்டும்."

ஒரு எழுத்து விடாம கேட்டேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

தம்பி வெளிய வந்து என் கால்மாட்டுல குந்தினான். "அண்ணா, கீழ் ரூமைக் காலி பண்ணிட்டோம். சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி அடிச்சாச்சு. அவளும் லீவு போட்டிருக்கா. புதன்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"அவருக்கு முட்டி நடுவுல துணி வைக்கணும்"னேன்.

"நீ சொல்லிக் குடுண்ணா, கத்துக்கறோம். நீ போதும் போதும்ங்கற அளவுக்குப் பண்ணிட்ட. இனிமே நீ தூங்கு."

எனக்கு அழுகை வந்திருக்கணும். வயிறு எரிஞ்சுச்சு. அப்பாவுக்கு இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோன்னு டாக்டர் சொல்லியிருந்தார். பதினோரு வருஷம் சுமந்தவன் நான், கடைசி ஆறு மாசத்துக்கு அவன் தோள் கொடுத்து, அவன் வீட்டுல இருந்தே அப்பா போவார். வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதைதான். தூங்கணும்னு நான் யார்கிட்டயாவது கேட்டேனா? தூங்கி எழுந்தா அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?

இந்த வேலையில ஒரு விஷயம் இருக்கு சார். வண்டி தூக்கின நிலையில இருக்கறப்ப போல்ட்டை முழுசா இறுக்கக் கூடாது. சும்மா கையால பிடிச்சு விடணும். வண்டியை இறக்கி, அது தன் பாரத்தைத் தானே சுமந்து நிக்கறப்பதான் கடைசி இறுக்கு. முன்னாடியே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரம் கிழிஞ்சிடும். தெரியாதவங்க அவசரத்துல அப்படித்தான் செய்வாங்க.

நான் முறையாத்தான் செஞ்சேன். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினேன். பக்கத்துக்கு ரெண்டு போல்ட்டு. இடது பக்கம் ரெண்டையும் இறுக்கினேன், கோடு இழுத்தேன். வலது பக்கம் முன்னால இருக்கறதை இறுக்கினேன், கோடு இழுத்தேன். பின்னால இருக்கறதுல ஸ்பானரை வைக்கவே இல்ல. கோடு மட்டும் இழுத்தேன். நாலுலயும் அதுதான் நேரா வந்துச்சு.

மறந்திருந்தா மஞ்சள் இருக்காதே சார். உங்க ஆளுங்க அந்த போல்ட்டைப் படம் எடுத்து வெச்சிருக்காங்க, பாருங்க.

தம்பி தரையில கன்னம் படப் படுத்துப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். "நாலும் இருக்கு. மஞ்சள் இருந்தா மறுபேச்சு இல்ல, என்னண்ணா?"

"ஆமாடா"ன்னேன்.

தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்தான். சத்தமே இல்ல. "பஞ்சு மாதிரிப் போகுதுண்ணா"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சான். கிளம்பறப்ப எப்பவும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன், பார்த்துப் போடான்னு.

புதன்கிழமைக்குள்ள நட்டு கழண்டுடும்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? ஒருவேளை கழலலைன்னா, அப்பாவும் அதுலதான் ஏறியிருப்பார். அதையும் யோசிச்சேன். சரி, அப்படின்னா யாருக்கும் இல்லாமப் போகட்டும்னு விட்டுட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் மேம்பாலம் இறங்கற இடத்துல வலது சக்கரம் தன்னால திரும்பிக்கிச்சு. அப்பாவுக்கு முதுகு புண்ணாகாம இருக்க ஒரு காத்து மெத்தை வாங்கிக்கிட்டு வந்திருக்கான். பின் சீட்டுல பெட்டி பிரிக்காமயே கிடந்துச்சுன்னு உங்க ஏட்டு சொன்னார். அந்த மெத்தையெல்லாம் அப்பாவுக்கு ஒத்துக்காது. அவருக்குத் தேவை மெத்தை இல்ல, ஆள்.

எழுதிக்கோங்க. என் தம்பியைக் கொன்னது தூக்கக் கலக்கம் இல்ல, நான்தான். அப்பாவுக்காகச் செஞ்சேன். என்னை விட்டா அவரைப் பார்த்துக்க ஆள் கிடையாது.

என்னை இங்க கூட்டிட்டு வந்த அன்னிக்கே தம்பி பொண்டாட்டி வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாளாமே. அவ புருஷன் ஆசையா ஏற்பாடு பண்ணின ரூம், சும்மா கிடக்கக் கூடாதுன்னு சொன்னாளாம். தாலி போன துக்கத்துல இருக்கறவ, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அவரைத் திருப்புவாளா? அதனாலதான் உங்களைப் போன் போட்டுக் கேக்கச் சொன்னேன்.

நல்லாச் சாப்பிடறார்னு சொல்றீங்க. அந்தக் காத்து மெத்தையில அசையாமத் தூங்கறார்னு சொல்றீங்க. கண் முழிச்சா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாராம், பெரியவன் தூங்கினானான்னு.

இருக்காது சார். என் கை படாம அவருக்குத் தூக்கம் வராது. இன்னொரு தடவை போன் போட்டு நல்லாக் கேளுங்க.